சொகுசுக் காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்தால் சரிசெய்யலாமா, மாற்ற வேண்டுமா?

கிருஷ்ணகிரி பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனால் 'டக்'கென்று ஒரு கல் வந்து விழும். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே ஒட்டிய பிளாஸ்டிக் படலம். வெளித்தகட்டில் மட்டும், ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் தெறிப்பு என்றால் பெரும்பாலும் பிசின் நிரப்பினால் போதும். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வெளியே வெயில், உள்ளே ஏசி. தைக்காத வேட்டிக் கிழிசல் மாதிரி விரிசல் ஓடிவிடும்.

விரிசல் ஓரத்தைத் தொட்டாலோ, ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே இருந்தாலோ மாற்றுவதே சரி. சொகுசுக் கார்கள் பலவற்றில் கண்ணாடியின் உட்புறம், மேலே கேமரா இருக்கும். மாற்றிய பின் அதன் கோணத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தானியங்கி பிரேக் தப்பாகக் கணிக்கலாம்.

அப்புறம், பிசின் போட்டால் தழும்பே மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மங்கலாகத் தெரியத்தான் செய்யும், விரிசல் பரவாமல் நிற்பதற்குத்தான் பிசின்.