கனடா குடியுரிமை விண்ணப்பம்: சின் கார்டு அடையாள ஆவணமாகுமா?

குடியுரிமைக்கு அனுப்பிய விண்ணப்பம் முழுமையற்றது என்று திரும்பி வந்துவிட்டது, சின் கார்டு (சமூகக் காப்புறுதி எண் அட்டை) அடையாள ஆவணமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. ஓட்டுநர் உரிமத்தோடு அதை வைத்து அனுப்பியதால்தான் திரும்பியிருக்க வேண்டும். வங்கி அட்டை, கிரெடிட் கார்டுக்கும் இதே கதிதான். இரண்டு அடையாள ஆவணங்கள் வேண்டும், ஒன்றிலாவது உங்கள் படம் இருக்க வேண்டும்.

உரிமம் அப்படியே இருக்கட்டும். சின் கார்டுக்குப் பதிலாக மாகாண ஹெல்த் கார்டையோ, பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தையோ வையுங்கள். அட்டை என்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நகலெடுங்கள். பின்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அனுப்புமுன் இரண்டு நகல்களையும் விண்ணப்பப் படிவத்தையும் அருகருகே வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம்மவர்களுக்குச் சிக்கலே இங்குதான்: ஒன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், இன்னொன்றில் வெறும் இனிஷியல். வித்தியாசம் இருந்தால் காரணத்தைச் சொல்லி ஒரு விளக்கக் கடிதம் இணைத்துவிடுங்கள்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள அட்டை என்றால் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் தேவை. அதை உறவினர் செய்யக் கூடாது, அவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளராகவே இருந்தாலும்.

ஒன்றை மறக்காதீர்கள். திரும்பி வந்த படிவத்தில் பழைய தேதியை விட்டுவைக்க வேண்டாம். குடியுரிமைக்கு ஐந்தாண்டில் குறைந்தது 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் அல்லவா? புதிதாகக் கையெழுத்திட்டால் அந்த ஐந்தாண்டும் அந்த நாளிலிருந்துதான் பின்னோக்கி எண்ணப்படும். 1,095 நாள் இன்னும் தேறுகிறதா என்று மறுபடி கணக்கிட்டு, அந்தப் புதிய கணக்குத் தாளையே இணையுங்கள்.