ரூக்கி சம்பளம் முன்பே முடிவானது என்றால், தகராறு எதற்கு?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இல் புதிதாகச் சேரும் ரூக்கியின் சம்பளம், டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவர் எத்தனையாவதாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்தே முடிவாகிவிடும் என்கிறார்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு ஜூலையிலும் யாராவது ஒருவர் கையெழுத்துப் போடாமல் நிற்கிறார். ஏன்? ஒப்பந்தச் செய்தி வரும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மொத்தத் தொகை பெரும்பாலும் முடிவானதுதான். அந்தப் பணம் எப்போது கைக்கு வரும், எந்தக் காரணத்தைச் சொல்லி அணி அதை நிறுத்தலாம் என்பதில்தான் தகராறு.

2010 வரை நிலைமை வேறு. அந்த ஆண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உத்தரவாதம், அதாவது அணி அவரை விடுவித்தாலும் தர வேண்டிய பணம். 2011இல் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் ரூக்கிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அதே ஆண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். மிச்சமான பணம் அனுபவ வீரர்களுக்குப் போகும் என்பது வாதம். அது ஓரளவு நடந்தது. ஆனால் மூன்று, நான்கு ஆண்டுகளில் முடிந்துபோகும் ஆட்ட வாழ்க்கை உள்ளவர்களுக்கு, முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தமாகிவிடுகிறது. அவர்கள்மீது இந்த உச்சவரம்பு கொடுமையாகவே இறங்கியது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2025இல் முதலாவதாக வந்த கேம் வார்டின் சைனிங் போனஸ் (கையெழுத்துப் போடுவதற்காகத் தரும் தொகை) ஏறக்குறைய 3.21 கோடி டாலர். பணம் முன்கூட்டியே கிடைத்தாலும் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் அது நான்கு ஆண்டுகளுக்குப் பிரிக்கப்படும்: ஆண்டுக்கு 80.25 லட்சம். அதோடு அந்த ஆண்டின் ரூக்கி குறைந்தபட்சச் சம்பளமான 8.4 லட்சத்தைச் சேர்த்தால், முதல் ஆண்டுக் கணக்கு 88.65 லட்சம். அடுத்த ஒவ்வோர் ஆண்டும் இந்த முதல் ஆண்டுத் தொகையில் 25 சதவீதம், அதாவது சுமார் 22 லட்சம்தான் கூடலாம். நான்கையும் கூட்டினால் 4.88 கோடி, செய்திகளில் வந்த தொகையும் அதுவே. ஏஜென்ட் எவ்வளவு திறமைசாலியானாலும் இந்தக் கூட்டலில் அசைக்க அதிகம் இல்லை.

ஆகவே அவர்கள் மோதுவது ஒப்பந்த வாசகங்களில். முதலில் ஆஃப்செட். ஒரு வீரருக்கு இன்னும் 50 லட்சம் உத்தரவாதமாக இருக்கும்போது அணி அவரை விடுவிக்கிறது, வேறோர் அணி 10 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். ஆஃப்செட் இருந்தால் பழைய அணி 40 லட்சம் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் வீரருக்கு இரண்டும் சேர்ந்து 60 லட்சம். 2016இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட ஜோயி போசா ஆகஸ்ட் கடைசி வரை சார்ஜர்ஸுடன் இழுபறியில் இருந்ததற்கு இதுவும், போனஸில் எவ்வளவு உடனே, எவ்வளவு பிறகு என்பதும்தான் காரணம்.

இரண்டாவது, எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, உத்தரவாதத்தை ரத்து செய்யும் வாசகம். வீரர் இடைநீக்கம் செய்யப்பட்டாலோ ஒப்பந்தத்தை மீறினாலோ எந்தப் பணம் போகும்? அந்த ஆண்டின் பணம் மட்டுமா, மீதமுள்ள ஆண்டுகளின் உத்தரவாதமும் சேர்த்தா? 2025இல் 17ஆவதாக வந்த ஷெமார் ஸ்டூவர்ட் பெங்கால்ஸுடன் ஜூலை கடைசி வாரம் வரை மோதியது இதற்காகத்தான். அவருக்கு முன்பு அதே அணியில் சேர்ந்தவர்களின் ஒப்பந்தங்களில் இல்லாத கடுமையான வாசகத்தை அவரிடம் வைத்தார்கள். அவர் நின்றது சரியே. ‘முழு உத்தரவாதம்’ என்ற தலைப்புச் செய்தியை நம்பும் முன் இந்த வாசகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது, உத்தரவாதம் எந்த இடம் வரை இறங்குகிறது என்பது. முதல் சுற்றில், அதாவது முதல் 32 இடங்களில், முழு உத்தரவாதம் வழக்கமாகிவிட்டது. 2025 மே மாதம் 34ஆவதாக வந்த ஜேடன் ஹிக்கின்ஸுக்கு டெக்சன்ஸ் அதையே கொடுத்தது. இரண்டாம் சுற்றில் அது முதல்முறை. உடனே 33ஆவது வீரருக்கு பிரவுன்ஸும் கொடுக்க வேண்டியதாயிற்று. தனக்கு மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் என்ன கிடைத்தது என்பதுதான் பேரத்தின் ஒரே அளவுகோல் என்பதால், இரண்டாம் சுற்றின் மீதி 30 பேரும் ஜூலை நடுப்பகுதி வரை கையெழுத்துப் போடவில்லை. 40ஆவதாக வந்த டைலர் ஷக்குக்கு செயின்ட்ஸ் முழு உத்தரவாதம் தந்த பிறகே மற்றவர்களின் ஒப்பந்தங்கள் வரிசையாக முடிந்தன.

காலக்கெடுவையும் கவனியுங்கள். கையெழுத்தே போடாத ரூக்கிக்கு அபராதம் கிடையாது. ஆனால் பத்தாவது வாரத்தை அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் போடாவிட்டால் அந்த சீசனில் ஆட முடியாது. கையெழுத்துப் போட்டபின் சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்தால் நாளுக்கு 40,000 டாலர் அபராதம். இதைத் தவிர்க்கத்தான் இப்போதெல்லாம் முகாமுக்கு வந்துவிட்டு, பயிற்சி செய்யாமல் ஓரமாக நிற்கிறார்கள்.

டிராஃப்டில் வந்தவர் மூன்றாவது சீசன் முடியும்வரை புது ஒப்பந்தம் பேசவே கூடாது. டிராஃப்டில் எடுக்கப்படாதவருக்கு இரண்டு சீசன். 2022இல் கடைசியாக, 262ஆவதாக வந்த பிராக் பர்டி, தன் அணியை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோன 2023 சீசனில் வாங்கிய சம்பளம் 8.7 லட்சம். 2025இல்தான் ஐந்து ஆண்டுகளுக்கு 26.5 கோடி வந்தது. இடையில் முழங்காலோ தோளோ போயிருந்தால் அந்தத் தொகை வந்திருக்காது. இரண்டு முதல் ஏழாம் சுற்று வரை வந்தவர்கள் போதிய நேரம் ஆடியிருந்தால் நான்காம் ஆண்டுச் சம்பளம் தானாகவே உயரும். ஏஜென்ட் பேசாமலே வரும் பணம் அது.

முதல் சுற்று வீரருக்கு மட்டும் ஐந்தாம் ஆண்டை அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2020 கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, சேர்த்துக்கொண்ட உடனே அந்தப் பணம் முழு உத்தரவாதமாகிவிடும். வீரருக்கு அது பாதுகாப்புதான், ஆனால் சந்தை விலைக்குக் கீழே இன்னும் ஓராண்டு கட்டுப்பாடும்கூட. மைக்கா பார்சன்ஸின் ஐந்தாம் ஆண்டு மதிப்பு 2.4 கோடி. அந்த விலைக்கு ஆட விரும்பாமல் 2025 முகாமில் பயிற்சியிலிருந்து ஒதுங்கியே நின்றார். ஆகஸ்ட் 28 அன்று கவ்பாய்ஸ் அவரை பேக்கர்ஸுக்கு மாற்றிக்கொடுத்தது, பேக்கர்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 18.8 கோடி தந்தது. அவரோடு ஒரே டிராஃப்டில் ஆறாம், ஏழாம் சுற்றில் வந்தவர்களுக்கு இப்படி நின்று பேரம் பேசும் வசதியே இல்லை. அவர்களுடைய சம்பளத்துக்கு உத்தரவாதம் கிடையாது, சிறிய சைனிங் போனஸ் மட்டுமே கையில் நிற்கும். அதனால் கடைசிச் சுற்று வீரரின் ‘நான்கு ஆண்டுக்கு 40 லட்சம்’ என்ற செய்தியைப் படிக்கும்போது, போனஸ் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். மீதிப் பணம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அவர் அணியில் இருந்தால்தான் வரும்.