விலைவாசி, வரி, வெளிநாட்டுச் சண்டை: ரீச்சரிடம் கேட்டவை

எங்கள் வாசிகசாலையில் இந்த முறை கேள்வி பதிலுக்கு எடுத்த விஷயம் விலைவாசி. துண்டுச் சீட்டுகளில் எழுதிப் போட்டிருந்தீர்கள். நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவள். அதற்கு முன் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கொள்வனவுப் பகுதியில் இருந்தவள். இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான சீட்டுகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஓட்டோ ஓட்டுகிற தம்பி, கொக்குவில்): மத்திய கிழக்கில் குண்டு விழுந்தது என்று இரவு செய்தியில் சொன்னால், விடியப் பெற்றோல் செட்டில் வரிசை. அந்தச் சண்டைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் ரீச்சர்? நாங்களும் போய் நிற்கத்தான் வேணுமா?

சம்பந்தம் இருக்கிறது தம்பி. உலகம் பாவிக்கிற எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈரானுக்கும் ஓமானுக்கும் இடையிலுள்ள ஹோர்மூஸ் நீரிணையால்தான் வெளியே வருகிறது. அதில் பெரும்பங்கு ஆசியாவுக்கு. நாங்கள் இறக்குகிற பெற்றோலுக்கும் டீசலுக்கும் சிங்கப்பூர்ச் சந்தை விலைதான் அளவு. ஒரு கப்பல்கூட நிற்காவிட்டாலும், அந்தப் பக்கம் போகிற கப்பலின் காப்புறுதிக் கட்டணம் ஏறும், சிங்கப்பூரில் விலை ஏறும். ஆனால் அது எங்கள் செட்டுக்கு அடுத்த நாளே வந்துவிடாது. வழமையாக மாத முடிவில்தான், உலக விலையை வைத்துக் கணக்கிடுகிற சூத்திரப்படி விலை திருத்துகிறார்கள். ஆகவே ஒரு இரவுச் செய்திக்காக விடியப்புறம் போய் நிற்பதில் பெரிய லாபம் இல்லை.

பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. 2022இல் நாள்கணக்காக நின்றோம். ஆனால் அந்த வரிசை வந்தது உலகத்தில் எண்ணெய் தீர்ந்ததால் அல்ல. பாவிக்கக்கூடிய வெளிநாட்டுக் கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று அந்த மே மாதம் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். எண்ணெய்க் கப்பல் வந்து நின்றது, இறக்கக் காசு இல்லை. பெப்ரவரி 24இல் தொடங்கிய உக்ரைன் போர் எண்ணெய் விலையை ஏற்றியது உண்மைதான். ஆனால் 2019 கடைசியில் வரியை வெட்டியது, ரூபாவை 200இல் பிடித்துவைக்கக் கையிருப்பைக் கரைத்தது, கடன் கட்ட முடியாது என்பதை ஏப்ரல் 12 வரை ஒத்துக்கொள்ளாதது எல்லாம் இங்கே எடுத்த முடிவுகள். அதே போர் இந்தியாவையும் வங்காளதேசத்தையும் தாக்கியது. அங்கே ஆட்கள் எங்களைப் போல நாள்கணக்கில் செட் வாசலில் படுக்கவில்லை.

ஆகவே போர்ச் செய்தி வரும்போது பார்க்க வேண்டியது இரண்டு: நாட்டில் டொலர் இருக்கிறதா, எண்ணெயைச் சேமித்து வைக்க இடம் இருக்கிறதா. திருகோணமலையில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அவற்றைப் பங்கிட்டுத் திருத்த 2022 ஜனவரியில் இந்தியாவுடன் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் தாங்கிகள் நிரம்பியிருந்தால் தூரத்துச் சண்டைக்கு இவ்வளவு நடுங்கத் தேவையில்லை. தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

கேள்வி (மீன்பிடிக்கிற ஒரு அண்ணை, குருநகர்): மண்ணெண்ணெய் விலையை ஏற்றி எங்கள் தொழிலையே முடித்துவிட்டார்கள். இதற்கும் போர்தான் காரணமா?

இல்லை அண்ணை. இது முழுக்க முழுக்கக் கொள்கை. 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ஆனது. ஒரே இரவில் ஏறக்குறைய நான்கு மடங்கு. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு நட்டம், மலிவு மண்ணெண்ணெயை டீசலுக்குள் கலக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்த இரண்டிலும் உண்மை உண்டு. எல்லோருக்கும் மலிவாகக் கொடுக்கிற மானியம் பெரிய ஆட்களிடம்தான் கூடப் போய்ச் சேரும்.

ஆனால் செய்த விதம் பெரும் பிழை. கடற்றொழில் திணைக்களத்திடம் படகுப் பதிவு இருக்கிறது. படகின் பக்கத்திலேயே இலக்கம் எழுதியிருக்கிறது. முதலில் அந்தப் படகுகளுக்கு நேரே காசோ எண்ணெயோ கொடுக்கிற ஒழுங்கைச் செய்துவிட்டு, பிறகு விலையை ஏற்றியிருக்க வேண்டும். அவர்கள் விலையை ஏற்றிவிட்டு நிவாரணத்தைப் பேசினார்கள். விடியக் கடலுக்குப் போய் மதியம் வருகிற சின்னப் படகுக்காரருக்கு எண்ணெய்ச் செலவுதான் பெரிய செலவு. பட்ட மீனை வித்த காசு எண்ணெய்க்கே போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? இதற்குள் இழுவைப் படகு வந்து வலையை அறுத்துவிட்டும் போகிறது.

யாழ்ப்பாணத்தில் இந்த விஷயம் கூடுதலாக வலிக்கும். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்த ஆட்கள் நாங்கள். மோட்டார் சைக்கிளையும் அதிலேதான் ஓடினோம். மண்ணெண்ணெய் எங்களுக்கு வெறும் எரிபொருள் அல்ல என்பதைக் கொழும்பில் கோப்பு எழுதுகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி (உயர்தர மாணவி, சுன்னாகம்): பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனது என்று படித்தேன். அம்மா சந்தையால் வந்து ஒன்றும் குறையவில்லை என்கிறா. யார் சொல்வது சரி?

இருவரும் சரி பிள்ளை. பணவீக்கம் என்பது விலை ஏறுகிற வேகம், விலை அல்ல. கணக்குப் போட்டுப் பார். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் என்று வை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், ஆகவே அது 170 ரூபா. அடுத்த செப்டெம்பரில் 1.3 வீதம், 172 ரூபா. 2024 செப்டெம்பரில் மறை 0.5 வீதம், 171 ரூபா. அரசாங்கம் பார்ப்பது 172 போய் 171 ஆனதை. உன் அம்மா பார்ப்பது 100 போய் 171 ஆனதை. வீட்டு வருமானமும் 171 ஆகியிருந்தால் அம்மா ஒன்றும் சொல்லியிருக்கமாட்டா.

இன்னொன்று. அந்தச் சுட்டெண் கொழும்பு வீடுகள் வாங்குகிற சாமான் கூடையை வைத்துப் போடுவது. நாடு முழுக்க எடுக்கிற சுட்டெண் வேறாக இருக்கிறது, பரீட்சையில் இரண்டையும் குழப்பாதே. மத்திய வங்கியின் இலக்கு பூச்சியமும் அல்ல, 5 வீதம். அதாவது பழைய விலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணத்திலேயே இல்லை. சம்பளமும் கூலியும் ஏறினால்தான் இந்த இடைவெளி மூடும். மேசன்மாரின் நாட்கூலி ஓரளவு ஏறியது. வீட்டிலிருந்து தையல் தைக்கிற அக்காமாருக்கும், ஓய்வூதியத்தில் இருக்கிறவர்களுக்கும் அந்த அளவு ஏறவில்லை.

கேள்வி (இல்லத்தரசி, திருநெல்வேலி): டொலர் ஏறினால் கடைக்காரர் அன்றைக்கே விலையைக் கூட்டுவார். இறங்கினால் "பழைய சரக்கு அக்கா" என்பார். இதைக் கேட்க ஆளில்லையா?

இந்தச் சீட்டை வாசித்ததும் கூட்டுறவில் இருந்த நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. சின்னக் கடைக்காரரை மட்டும் திட்டாதீர்கள். அவருக்குக் கொழும்பு மொத்த வியாபாரி அனுப்புகிற விலைதான். பிடி இருப்பது இறக்குமதி செய்கிற சில கைகளில். சீனியை எடுங்கள். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குப் போடுகிற விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக அரசாங்கம் இறக்கியது. அப்படியென்றால் கடையில் ஏறக்குறைய 50 ரூபா குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. திறைசேரிக்கு வர வேண்டிய வரியும் போனது, எங்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவில் நின்றவர்களுக்குக் கிடைத்தது. அந்த நேரம் இதற்குச் சாட்டாகச் சொல்ல ஒரு போரும் இருக்கவில்லை.

கூட்டுறவுக் கடைகள் பலமாக இருந்த காலத்தில் தனியார் கடை ஓர் எல்லைக்கு மேல் ஏற்றத் தயங்கும், பக்கத்திலேயே வேறு விலை தொங்குமல்லவா. அதை மீட்பது அரசாங்கம் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது: பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. பொதியில் அடித்த விலைக்கு மேல் வாங்கினால் பில்லோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

கேள்வி (தோட்டக்காரர், இடைக்காடு): நாங்கள் வெங்காயம் கிண்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டு வெங்காயம் வந்து குவியும். எங்களிடம் இல்லாத நேரம் இந்தியா நிறுத்திவிடும். என்ன செய்வது?

ஐயா, இரண்டு பக்கமும் அடி. 2023 டிசம்பரில் இந்தியா தன் சனத்துக்கு விலை ஏறாமல் இருக்க வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 ஏப்ரலில்தான் இலங்கைக்கு 10,000 தொன் தரச் சம்மதித்தார்கள். அதை அவர்கள் தங்கள் ஆட்களுக்காகச் செய்தார்கள், குறை சொல்ல முடியாது. எங்கள் அரசாங்கமும் அறுவடை நேரத்தில் இறக்குமதி அறவீட்டைக் கூட்டலாம், சிலவேளை கூட்டியும் இருக்கிறது. அறிவித்தல் வருவதற்குள் இறக்குமதிக்காரர் கப்பலை இறக்கிவிடுவார் என்பதுதான் வயிற்றெரிச்சல். எந்த மாதத்தில் எவ்வளவு அறவீடு என்று வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், நீங்களும் எத்தனை பரப்பு நடுவது என்று தீர்மானிக்கலாம்.

உரம் பற்றியும் சேர்த்து எழுதியிருந்தீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் விட்டுக்கொடுத்தார்கள். அதற்குள் அந்தப் போகம் போய்விட்டது. யூரியா செய்வது இயற்கை வாயுவில். உக்ரைன் போரோடு வாயு விலை ஏற, உர விலையும் உலகம் முழுக்க ஏறியது. எங்களுக்கு முதல் அடி கொழும்பிலிருந்து, இரண்டாவது அடிதான் போரிலிருந்து.

கேள்வி (பெயர் எழுதாத சீட்டு): மகன் கனடாவிலிருந்து உண்டியலில் அனுப்புகிறான். வங்கியால் அனுப்பினால் நாட்டுக்கு நல்லது என்கிறார்கள். எங்களுக்கு என்ன நல்லது?

நேர்மையான கேள்வி. உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்புகிற முறை. 2021 கடைசியில் வங்கியில் டொலருக்கு 200 ரூபா, வெளியே நன்றாகக் கூடக் கிடைத்தது. சனம் உண்டியலுக்குப் போனது. 2020இல் வங்கி வழியே வந்தது 710 கோடி டொலர், 2022இல் 380 கோடி மட்டும். டொலரின் விலையைச் சந்தையிடம் விட்ட பிறகு 2024இல் 650 கோடிக்கு மேல் வந்தது. இன்றைக்கு வங்கிக்கும் உண்டியலுக்கும் அப்போதிருந்த வித்தியாசம் இல்லை. உண்டியல்காரர் காசைத் தராமல் விட்டால் நீங்கள் எங்கும் போய் முறையிட முடியாது. வங்கியால் வருகிற காசு மருந்துக்கும் காஸுக்கும் நாட்டிடம் டொலராக நிற்கும். நான் என் தம்பியையும் வங்கியாலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (அம்மா ஒருவர், மானிப்பாய்): மகளின் கலியாணத்துக்குப் பவுண் விலை இறங்கும் வரை பொறுக்கலாமா?

பொறுத்தால் இறங்கும் என்று நான் சொல்லமாட்டேன். ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பை 2022இல் மேற்கு நாடுகள் முடக்கிய பிறகு, பல நாட்டு மத்திய வங்கிகள் டொலரை மட்டும் நம்பாமல் தங்கம் வாங்கிக் குவிக்கின்றன. 2025 ஒக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. ஒரு பவுண் ஏறக்குறைய கால் அவுன்ஸ், கணக்கு உங்களுக்கே தெரியும். தாலிக்கு வேண்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். மிச்சத்துக்காகக் கடன்பட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள் அம்மா, அவர்களுக்கும் இதே விலைதான்.

கேள்வி (மூன்று பேர் கேட்டது): அரசாங்கம் மாறியும் வற் (பெறுமதி சேர்) வரி ஏன் குறையவில்லை?

2019 டிசம்பரில் 15 வீதத்தை 8 ஆக்கினார்கள். அந்தச் சலுகைக்குத்தான் பிறகு விலை கொடுத்தோம்: 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரி 1 முதல் 18. பெற்றோல், டீசல், சமையல் காஸுக்கும் அன்றிலிருந்து வற் வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் செய்த உடன்படிக்கையில், வட்டி தவிர்ந்த செலவைவிட வருமானம் மொத்த உற்பத்தியின் 2.3 வீதம் கூட இருக்க வேண்டும் என்று இருக்கிறது. யார் கதிரையில் இருந்தாலும் அந்தக் கணக்குக்குள்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்த 2.3 வீதத்தை யாரிடமிருந்து எடுப்பது என்பது கதிரையில் இருக்கிறவரின் தெரிவு. கூலித் தொழிலாளியும் பெரிய முதலாளியும் ஒரே 18 வீதத்தைக் கட்டுவது நியாயம் இல்லை.

கேள்வி (வயதான அம்மா, அராலி, பேத்தி எழுதிக் கொடுத்தது): அஸ்வெசும எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வருகிறது. யாரிடம் போவது?

அம்மா, 2023 ஜூலையில் சமுர்த்தி என்ற பழைய நிவாரணத்தின் இடத்துக்கு இந்த அஸ்வெசும உதவிப்பணம் வந்தபோது வீடு, சாமான், வருமானம் எல்லாம் பார்த்துப் புள்ளி போட்டார்கள். மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபா என்று தொடங்கி, 2025இல் 17,500 ஆக்கினார்கள். விலை ஏறும்போது தானாக ஏறாத தொகை இது. அதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. மகன் கட்டித் தந்த கல்வீட்டில் ஒரு வருமானமும் இல்லாமல் இருக்கிற ஆட்கள் விடுபட்டுப் போவதும் எனக்குத் தெரியும். வீடு நல்லது என்பதால் அடுப்பு எரியாது என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுத வேண்டும்.

முதலில் கிராம சேவையாளரைப் பாருங்கள், பிறகு பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பார்க்கிற மேசைக்குப் போங்கள். மருந்துச் சீட்டு, மின்சார பில், வங்கிப் புத்தகம் மூன்றின் பிரதியையும் கொண்டுபோங்கள். கொடுத்த படிவத்தின் பிரதியில் திகதி போட்டு அவர்களிடம் கையொப்பம் வாங்கி வையுங்கள். நிரப்பச் சிரமமாக இருந்தால் பேத்தியை வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசிகசாலைக்கு அனுப்புங்கள், சேர்ந்தே நிரப்பித் தருகிறேன்.