கைவண்டி தள்ளிய சிறுவனும் கடிதம் எழுதிய மகனும்

கேள்வி: எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா தம் தந்தை ஹெர்மனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தை அண்மையில் படித்தேன். அதில் மகனின் குரல் மட்டுமே கேட்கிறது. ஹெர்மன் காஃப்கா உண்மையிலேயே அவ்வளவு கொடுமையான தந்தையா? "நான் பட்ட கஷ்டம் உனக்கென்ன தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவரின் மகன் என்பதால் கேட்கிறேன்.
- வாசகர் ஒருவர், கும்பகோணம்.

பதில்: கொடுமைக்காரர் என்ற ஒரே சொல்லில் அவரை அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காக, மகன் மிகைப்படுத்திவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

ஹெர்மன் 1852-இல் இன்றைய செக் நாட்டின் பகுதியான தெற்கு பொஹீமியாவிலுள்ள ஓசெக் என்ற சிற்றூரில், யூத இறைச்சிக்கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். விவரம் தெரியாத வயதிலேயே, பனிக்காலத்திலும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. போதிய குளிருடை இல்லாததால் கால்களில் வந்த புண்கள் ஆண்டுக்கணக்கில் ஆறவில்லை. உருளைக்கிழங்கு கிடைத்த நாளே நல்ல நாள். பட்டாளத்தில் சேர்ந்த பிறகும் வீட்டிலிருந்து ஒரு காசு வராததோடு, அவர்தான் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் தம் தந்தை மீது தமக்கிருந்த மரியாதை குறையவே இல்லை என்பதைத்தான் அவர் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் பார்வையில் பிணக்கின் வேர் இந்தக் கடைசிச் செய்தியில்தான் இருக்கிறது. எதையும் கொடுக்காத தந்தையையே தாம் மதித்தபோது, பிராக் நகரில் கடை வைத்து, வயிறாரச் சோறு போட்டு, சட்டப் படிப்பு வரை படிக்கவைத்த தம்மை மகன் எவ்வளவு மதிக்க வேண்டும் என்று அவர் கணக்குப் பார்த்தார். அந்தக் கணக்கில் அவர் பக்கம் பிழையே இல்லை என்று அவர் உளமார நம்பியிருப்பார். ஆனால் 1883-இல் பிறந்த மகனுக்கோ, பசியில்லாத வீட்டில் வளர்ந்ததே தீர்க்க முடியாத கடனாகிப் போனது. அந்தப் பழைய கதைகளை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவை தமக்கு ஊக்கமாக இருந்திருக்கும் என்று காஃப்காவே கடிதத்தில் எழுதுகிறார். அவற்றைக் கேட்கும்போது அவருக்கு மிஞ்சியது வெட்கமும் குற்ற உணர்வுமே.

குழந்தைப் பருவத்தில் ஓர் இரவு தண்ணீர் வேண்டுமென்று அவர் சிணுங்கிக்கொண்டே இருந்தார். மிரட்டியும் அடங்காத பிள்ளையைத் தந்தை தூக்கிக்கொண்டு போய், முற்றத்தைப் பார்த்த பால்கனியில், இரவுச் சட்டையோடு நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார். பனியில் வண்டி தள்ளியவருக்கு அது ஒரு தண்டனையாகவே தோன்றியிருக்காது. பிள்ளைக்கோ, தான் ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம் அன்று நெஞ்சில் விழுந்து, பல ஆண்டுகள் போகவில்லை.

1919-இல், 36 வயதில், மகன் இவை அனைத்தையும் எழுதினார். உடனடிக் காரணம், அவர் செய்துகொள்ளவிருந்த திருமணத்தைத் தந்தை இழிவாகப் பேசியது. கடிதத்தைத் தாயிடம் கொடுத்ததாகவும், அவர் அதைத் தந்தையிடம் சேர்க்காமல் திருப்பித் தந்துவிட்டதாகவும் நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். 1924-இல் மகனும் 1931-இல் தந்தையும் இறந்தார்கள்.

மகனின் குரல் மட்டுமே கேட்கிறது என்கிறீர்கள். கடிதத்தின் முடிவை இன்னொரு முறை படியுங்கள். தந்தை என்ன பதில் சொல்வார் என்பதையும் மகனே எழுதி, அதில் தம்மையே கடுமையாகக் குற்றம் சாட்டிக்கொள்கிறார். இன்னோர் இடமும் உண்டு. காஃப்கா நோயுற்று, தங்கை ஓட்லாவின் அறையில் படுத்திருந்தபோது, தந்தை ஓசைப்படாமல் வந்து, உள்ளே நுழையாமல் வாசற்படியிலேயே நின்று, கழுத்தை நீட்டி மகனைப் பார்த்துவிட்டு, தொந்தரவு செய்யக் கூடாதென்று கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். அதை நினைத்து மகிழ்ச்சியில் அழுததாக மகன் எழுதுகிறார். கொடுமைக்காரர் என்ற சொல்லுக்கு நான் தயங்குவது இதனால்தான்.

உங்கள் தந்தை இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அடுத்த முறை அவர் அந்தப் பேச்சை எடுக்கும்போது எழுந்து போய்விடாமல், அது எந்த ஊர், அப்போது அவருக்கு என்ன வயது, அன்று இரவு என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள்.