கடையில் ரசீது தருகிறார்கள், விசாவுக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் இப்போது 24 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் 21 வயது முடிந்தவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்தால் குற்றமில்லை. இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு வருடமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். கடிதங்கள் விடுவதாக இல்லை. புகைக்கலாமா கூடாதா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதற்கு இங்கே பதில் கிடையாது. வாங்குவதில் இருக்கிற வில்லங்கம் மட்டும்தான் என் வேலை.

அடுத்த மாதம் காரில் டென்வர் போகிறோம். அங்கே கடையில் வாங்கி, மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? பில் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.
– ஃப்ரிஸ்கோ, டெக்ஸாஸ்

கூடாது. வாங்கியது நீங்கள்தான் என்பதற்கு அந்த பில் சாட்சி சொல்லும், அவ்வளவுதான். மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் அது மத்திய சட்டத்தின் சமாச்சாரம். ஒரிகான், வாஷிங்டன் இரண்டுமே அனுமதித்த மாநிலங்கள், நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. அந்தப் பாலத்தைத் தாண்டிக்கூட எடுத்துப்போகக் கூடாது. உங்கள் டெக்ஸாஸில் இன்னும் மோசம். இலையைவிட, ‘கம்மி’ என்கிற கஞ்சா மிட்டாய், ஆவியாக்கி இழுக்கிற ‘வேப்’ மாதிரி சாறு எடுத்துச் செய்த சரக்குக்குத்தான் அங்கே தண்டனை அதிகம், துளி இருந்தாலும் ஃபெலனி என்கிற பெருங்குற்றம். அப்புறம், டென்வர் போனால் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவையும் பார்க்காமல் வரமாட்டீர்கள். அது மத்திய அரசு நிலம். கொலராடோ 2014-லேயே கடை திறந்த மாநிலம் என்றாலும், அதன் அனுமதி பூங்கா வாசலோடு நின்றுவிடும்.

எச்-1பி-யில் இருக்கிறேன். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரலிலேயே கடை வந்தாயிற்று, ஆபிஸில் எல்லோரும் வாங்குகிறார்கள். நான் வாங்கினால் என்ன?
– எடிசன், நியூ ஜெர்சி

ஆபிஸில் அந்த ‘எல்லோரும்’ குடியுரிமை உள்ளவர்களா என்று முதலில் பாருங்கள்.

கடைவாசலில் அடையாள அட்டையை வாங்கி, 21 ஆகிவிட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பது அவர்கள் கவலை இல்லை. ஆனால் குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிறது. மத்திய சட்டத்தில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான். இதில் கைதோ வழக்கோ தண்டனையோகூடத் தேவையில்லை. “ஆமாம், கடையில் வாங்கிப் பயன்படுத்தினேன்” என்று அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டாலே விசாவும் கிரீன் கார்டும் மறுக்கப்படலாம். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டரும் கேட்பார். கார்டு கையில் வந்த பிறகும் கதை முடியவில்லை. மாநிலத்தில் சட்டப்படி நடந்ததாகவே இருந்தாலும் குடியுரிமை விண்ணப்பத்தில் அதை நன்னடத்தைக் குறைவாக எடுத்துக்கொள்ளலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. அந்தத் தொழிலில் வேலை பார்ப்பதும் இதில் அடக்கம். ஆகவே, கஞ்சாக் கடையில் பகுதிநேரக் கணக்கு எழுதப் போகலாமா என்று கேட்ட பிஸ்காட்டவே வாசகிக்கும் இதுதான் பதில்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால்? பொய் சொல்லிவிடாதீர்கள், அது தனிக் குற்றம். விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன்னால் குடியேற்ற வக்கீல் ஒருவரைப் பாருங்கள். பத்து டாலர் கம்மிக்கு வக்கீல் ஃபீஸ் பல நூறு டாலர் ஆகும். பெயர்தான் கம்மி.

பலகையில் 60 டாலர் என்று போட்டிருந்த வேப் கார்ட்ரிட்ஜுக்கு 80-க்கு மேல் பில் வந்தது. ஏமாற்றுகிறார்களா?
– நேப்பர்வில், இல்லினாய்

ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் கோபம் நியாயம், அதில் எனக்கும் பங்கு உண்டு.

இல்லினாயில் சரக்கின் வீரியத்தைப் பொறுத்து வரி. போதை ஏற்றும் டிஎச்சி 35 சதவீதத்துக்குள் இருந்தால் 10 சதவீதம், தின்கிற பண்டமாக இருந்தால் 20, டிஎச்சி 35-ஐத் தாண்டினால் 25. உங்கள் கார்ட்ரிட்ஜ் கடைசி வகை. 60-க்கு 15 அங்கேயே போயிற்று. அதன் மேல் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், அதற்கும் மேல் உள்ளூர்க்காரர்களின் பங்கு. வாஷிங்டன் மாநிலத்தில் கஞ்சா வரி மட்டுமே 37 சதவீதம்.

வரி போடட்டும், எனக்குப் புகார் இல்லை. பலகையில் எழுதுவதற்கு என்ன கேடு? ஊரில் இரண்டு ரூபாய் தீப்பெட்டியில்கூட ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று அச்சடித்திருக்கும். இரண்டு ரூபாயை நீட்டினால் கணக்கு முடிந்தது. இந்த நாட்டுக்கு வந்து 22 வருடம் ஆகிறது, இன்னும் ஒரு கடையிலும் சரியான சில்லறையை முன்கூட்டி எடுத்து வைக்க முடியவில்லை. ஒருமுறை 799 டாலர் என்று தொங்கவிட்டிருந்த சோபாவை ஆசைப்பட்டு வாங்கினேன். டெலிவரி, ‘கையாளும் கட்டணம்’, துணிக்குப் பாதுகாப்புத் திட்டம், வரி எல்லாம் சேர்ந்து 1,040-ல் நின்றது. கையெழுத்துப் போட்டபோது என் கை நடுங்கியதை விற்பனைப் பெண் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். பாதுகாப்புத் திட்டம் வாங்கிய துணியில் மூன்றாவது வாரமே ரசம் கொட்டியது. ரசம் அந்தத் திட்டத்தில் வராதாம்.

சரி, கஞ்சாக் கடைக்கு வருவோம். கிரெடிட் கார்டு செல்லாது. மத்திய சட்டத்துக்குப் பயந்து அட்டைக் கம்பெனிகள் ஒதுங்கி நிற்கின்றன. கடைக்குள்ளேயே ஏடிஎம் வைத்திருப்பார்கள், அதற்கும் தனிக் கட்டணம். எண்ணிக் கொடுக்கும் முன் “வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். இல்லினாய்க்காரர்கள் 30 கிராம் இலை வரை வைத்திருக்கலாம், வெளியூர்க்காரர்களுக்கு 15 கிராம்தான். கடிதத்தின் கடைசியில் வரப்போகிறார் என்று எழுதியிருந்த விஸ்கான்சின் மைத்துனருக்கும் சொல்லிவிடுங்கள்.

குயின்ஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி அலமாரியும் பச்சை விளக்குமாகப் பெரிய கடை. வேப் பாதி விலை. இரண்டு நாளாக இருமல் நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் “எங்களிடம் வாங்கவில்லை” என்கிறார்கள். பில்லும் இல்லை. நான் மாணவன், ஏமாந்துவிட்டேன்.
– நியூயார்க்

தம்பி, முதலில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். என்ன இழுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 2019-லும் 2020 தொடக்கத்திலும் இந்த மாதிரி வேப்பால் நுரையீரல் கெட்டு நாடு முழுக்க சுமார் 2,800 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உரிமம் இல்லாத சரக்கில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம்.

உங்களைக் குறை சொல்லமாட்டேன். நியூயார்க் 2021-ல் சட்டம் போட்டது, முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் 29-ல். அதற்குள் உரிமமே இல்லாத கடைகள் நகரில் ஆயிரத்துக்கும் மேல் முளைத்துவிட்டன. அரசு வேகமாகப் பூட்டுப் போட ஆரம்பித்தது 2024-ல்தான். பெரியவர்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை. உரிமம் உள்ள கடையில் வாசல் பக்கம் க்யூஆர் குறியீட்டோடு மாநில அரசின் ஒட்டி இருக்கும், போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். பணம் திரும்பக் கிடைப்பது சந்தேகம்தான். ஆனாலும் மாநிலத்தின் கஞ்சா நிர்வாக அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கடையின் படமும் உறையின் படமும் போதும்.

மதுரையிலிருந்து வந்திருக்கும் அம்மா, ஃப்ரிட்ஜில் இருந்த கம்மியை மிட்டாய் என்று நினைத்து நாலு சாப்பிட்டுவிட்டார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி. இப்போது நன்றாக இருக்கிறார். கம்பெனி மேல் வழக்குப் போடலாமா? (பெட்டி அசிங்கமாக இருந்ததால் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி வைத்திருந்தேன்.)
– ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

அடைப்புக்குறிக்குள் போட்ட வரியை வக்கீலிடமும் சொல்வீர்களா?

கலிஃபோர்னியாவில் குழந்தைகள் திறக்க முடியாத உறையில்தான் விற்க வேண்டும். ஒரு துண்டுக்கு 10 மில்லிகிராம், ஒரு பெட்டிக்கு 100-க்கு மேல் போகக் கூடாது. முக்கோணத்துக்குள் இலையும் ஆச்சரியக்குறியும் போட்ட முத்திரை வேறு. இத்தனையையும் கழற்றி எறிந்தது நீங்கள். அதுவும் ஃப்ரிட்ஜில், தயிருக்குப் பக்கத்தில். தின்றது வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். அம்மா ருசியாக இருக்கிறதே என்று நாலு எடுத்ததில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நச்சு உதவி எண் 1-800-222-1222, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்றா?

நான் சிங்கப்பூர்க் குடிமகன். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தடவை மட்டும்…
– ஈசூன்

வேண்டாம். வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் உங்கள் ஊர்ச் சட்டம் உங்களைத் தண்டிக்கும்.

பால்கனியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு செடி வைக்கலாமா?
– பெல்வியூ, வாஷிங்டன்

கலிஃபோர்னியாவில் ஆறு செடி வரை அனுமதி. வாஷிங்டன் 2012-லேயே சட்டம் கொண்டுவந்த மாநிலம், ஆனாலும் பொழுதுபோக்குக்காக வீட்டில் வளர்ப்பது அங்கே இன்றைக்கும் குற்றம். கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு மூட்டுவலி. சிகாகோவிலிருந்து திருச்சி போகும்போது கஞ்சா எண்ணெய் ஒரு பாட்டில் எடுத்துப்போகலாமா?
– ஷாம்பர்க், இல்லினாய்

இங்கே விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை மத்திய அரசுடையது. அவர்கள் இதைத் தேடுவதில்லை, ஆனால் கண்ணில் பட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள். மறந்து கொண்டுவந்தவர்கள் போட்டுவிட்டுப் போவதற்கென்றே சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போனால் இந்தியாவில் 1985-ம் வருடப் போதைப்பொருள் சட்டம் காத்திருக்கிறது. அதற்கு உங்கள் இல்லினாய் ரசீது புரியாது.

மூட்டுவலி விஷயத்தில் எனக்கும் அனுபவம் உண்டு. அத்தையின் முழங்காலுக்காக ஒரு மாலில், நடைபாதைக் கடையில், இலைப் படம் போட்ட தைலம் ஒரு டப்பா 65 டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், பொடி எழுத்தில் ‘சணல் விதை எண்ணெய்’ என்று இருந்தது. சணல் என்று அவர்கள் சொல்வது ஹெம்ப், போதை ஏறாத கஞ்சா வகை. கஞ்சாச் செடியில் இருக்கிற, போதை தராத சிபிடி என்கிற பொருள் விதை எண்ணெயில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. கற்பூர வாசனை மட்டும் தூக்கலாக இருந்தது. அத்தை இரண்டு நாள் தேய்த்துப் பார்த்துவிட்டு அமிர்தாஞ்சனுக்கே திரும்பிவிட்டார். டப்பாவைக் கழுவிக் காயவைத்து, விளக்குத் திரி போட்டு வைத்திருக்கிறார். மூடி நல்ல இறுக்கம்.