திறந்த ஃபினோ ஷெர்ரி மூன்றே வாரத்தில் சப்பென்று ஆனது ஏன்?

ஸ்பெயினின் வெளிர்நிற ஒயினான ஃபினோவைத் திறந்தபின் மூன்று வாரம் அலமாரியில் வைத்ததுதான் காரணம். திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்தில் இருந்த டானி போர்ட் (போர்ச்சுகலின் இனிப்பு ஒயின்) மட்டும் கெடவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டிலும் ஆல்கஹால் சேர்த்திருந்தாலும் முதிர்ந்த விதம் வேறு.

ஷெர்ரி தயாராகும் ஸ்பெயின் நகரான ஹெரெஸில் ஃபினோவின் ஆல்கஹாலை ஏறத்தாழ 15 சதவீதத்துக்கு உயர்த்தி, பீப்பாயை முழுக்க நிரப்பாமல் வைப்பார்கள். மேலே ஃப்ளோர் என்ற ஈஸ்ட் ஆடை படர்ந்து காற்றை அண்டவிடாது. வடிகட்டி அடைத்த பாட்டிலில் அந்தக் காப்பு கிடையாது. டானியோ பீப்பாயிலேயே பல ஆண்டுகள் காற்றோடு பழகியது. சுமார் 20 சதவீத ஆல்கஹாலும் சர்க்கரையும் துணைக்கு இருக்கின்றன.

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். வெளிர் வைக்கோல் நிறம், புளித்த மாவும் பாதாமும் கலந்த வாசனை என்றால் நல்ல நிலை. பொன்னிறம் ஏறி, நாக்கில் அந்தக் கூர்மை இல்லையென்றால் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மட்டி வேகவைக்க இன்னும் அருமையாக உதவும்.

அடுத்த முறை 375 மி.லி. பாட்டில் வாங்குங்கள். அது திறந்த அன்றே சப்பென்று இருந்தால் கடையிலேயே பழசானது. ஃபினோ பாட்டிலில் மெருகேறாது.

டானி தாங்கியதை நம்பி, பெரும்பாலும் பாட்டிலிலேயே முதிரும் வின்டேஜ் போர்ட்டை அப்படி விட்டுவிடாதீர்கள். திறந்தால் இரண்டு மூன்று நாள்தான்.