அக்கி வலிக்கு மனச்சோர்வு மாத்திரையா?

அப்பாவை இன்றே, இதைப் படித்த கையோடு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். "மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்கள், அடிமையாகிவிடுவாரோ" என்று இரண்டு பக்கம் பயந்து எழுதிய நீங்கள், கடைசி வரியில் போகிற போக்கில் சொல்லியிருப்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது: நேற்றிலிருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு 70 வயது, ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம். அக்கி வலிக்கு அவருக்கு எழுதிய அந்த மாத்திரை, அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பை சுருங்கும் பலத்தைக் குறைக்கும். வீக்கத்தால் சிறுநீர் போகும் வழியும் குறுகி, தள்ளும் பலமும் போனால் பை நிரம்பி நிற்கும். சொட்டுகிறதே என்று சமாதானம் ஆகாதீர்கள், நிரம்பி வழிந்தாலும் சொட்டத்தான் செய்யும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். குழாய் போட்டு எடுத்தால் சீக்கிரமே ஆசுவாசம் கிடைக்கும். தள்ளிப்போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இன்றைய மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

டாக்டர் எழுதியது இரவில் 10 மி.கி. மட்டும். எரிச்சல் குறையவில்லை என்று அப்பாவே மெடிக்கலில் 25 மி.கி. அட்டை வாங்கிப் போட்டிருக்கிறார். போதாததற்குச் சளிக்குக் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை வேறு. அதுவும் சிறுநீரைக் கட்டும். சீட்டே இல்லாமல் இதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். அமிட்ரிப்டிலின் 1961 முதல் மனச்சோர்வுக்குக் கொடுத்து வரும் மருந்துதான். ஆனால் அதற்குப் பெரும்பாலும் 75 மி.கி.க்கு மேல் தேவைப்படும். 10 மி.கி. கொடுப்பது நரம்பு வலியைத் தணிக்க. அக்கி ஆறிய பிறகும் பனியன் உரசினாலே எரிகிறது என்றீர்களே, அந்த வலிக்கு இது கேட்கும், தூக்கமும் வரும். போதை மருந்து போல அடிமையாக்காது. வாய் உலர்வதும் காலை மந்தமும் தெரிந்த பக்கவிளைவுகள்தான். இணையத்தில் தேடித் தேடிப் பயந்தது போதும்.

இனி அப்பாவுக்கு இது ஒத்துவராது என்று டாக்டர் நரம்பு வலிக்கான வேறு மருந்தான கபாபென்டினோ, வலிக்கிற இடத்தை மரத்துப்போக வைக்கும் லிடோகெய்ன் பிளாஸ்திரியோ எழுதலாம். இருக்கிற அட்டைகளையெல்லாம், சளி மாத்திரை உட்பட, கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். மிச்சத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். பேரக்குழந்தைகள் இருக்கிற வீடு. அமிட்ரிப்டிலினைச் சின்னப் பிள்ளை ஒன்றிரண்டு விழுங்கினாலும் ஆபத்து, இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.